வெயிலுமுத்து பார்த்த மழைக்காலம்

அட, எந்திரிக்காதீங்க மருமவனே. பத்திரிக்கைய வச்சிட்டு ஓடுததுக்கா இந்த அக்டோபர் வேக்காட்டுல தாராவிச் சந்துக்குள்ள வந்திய? சாயா ஆறுது, குடிங்க. உங்க பொண்டாட்டி ஷாலினிக்கு நான் பெரியம்ம. அவ அப்பன் வெயிலுமுத்து எனக்குக் கொழுந்தன். உங்க கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடல. ஊர்ல புது வீடு பால் காய்க்க மட்டும் இந்த ஆறுமுகத்தாய் வேணுமாக்கும்? எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் வயிறெரிஞ்சு நிக்கத ஊரு பாக்கணும். நல்லாப் பாக்கட்டும்.

என்னைக்கு, கார்த்திகையிலயா? நல்ல மாசம். ரொம்ப நல்ல மாசம். சே, சிரிக்கல, பொறையேறிட்டு.

இங்க குடியிருந்த ஒத்த ரூமு கோலியயும் வித்தாச்சா? அப்பம் எல்லாத்தையும் அந்த வீட்டுலதான் போட்டிருக்காரு. சரி, சரி.

நீங்க செம்பூர்ல பொறந்து வளந்தவிய, வீடு கட்டுன அந்த எடம் உங்களுக்குத் தெரியாது. குளத்துக்குக் கீழ, ஊருக்கு ஒதுக்குப்புறம். மாமியாளுக்குப் பீ மூத்திரம் அள்ளிக்கிட்டு வருசம் பூரா நாந்தான் அங்க கெடந்தேன். உங்க மாமா மே மாச லீவுக்கு வருவாரு. கோயில் கொடை பாப்பாரு, நொங்கு திம்பாரு, ரயிலேறிருவாரு. ரோட்டோரத்து மண்ணுல வெள்ள வெள்ளயா நத்தைக்கூடு கெடக்கும். அதப் பொறுக்கி ஷாலினிக்கு வெளையாடக் குடுப்பாரு. காஞ்ச தரைக்கு நத்தை எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு நாளாவது யோசிச்சாரா அந்த மனுசன்?

நான் எல்லா மாசத்தையும் பாத்தவ. சித்திரையில தரை அப்பளமாக் காஞ்சி கெடக்கும். ஆடியில காத்து, சோத்துத் தட்டுல மண்ணள்ளிப் போடும். புரட்டாசி கடேசியில அந்த ரோட்டோரத்து எறும்பு பூரா முட்டையக் கவ்விக்கிட்டுப் பின்னால இருக்க பாறை மேட்டுக்கு ஏறும். இந்நேரம் ஏற ஆரம்பிச்சிருக்கும். இங்க மழ ஓஞ்சாச்சு, அங்க இனிமதான.

எம்புருசனுக்குப் பதினாறு முடிஞ்ச மறுநாளே உங்க மாமா பங்கு பிரிச்சாரு. அதுவும் ஒரு மே மாசம். ரோட்டோரத்து நெலம் பூரா அவருக்கு. முள்ளும் பாறையுமா கெடக்க மேடு எனக்கு. அந்த ரோட்டோரப் பள்ளத்துல வீடுகீடு கட்டிராதீங்கன்னு சொல்லத்தான் நான் வாயத் தொறந்தேன். அவரு நல்லதுக்குத்தான். பொட்டச்சிக்கு இங்க என்ன பேச்சு, வாய மூடுன்னாரு. ஊரே சிரிச்சது. எம்மவ என் சேலையப் புடிச்சிக்கிட்டு நின்னா. மூடிட்டேன். அதுக்கப்புறந்தான் இட்லி அவிச்சுப் பொழைக்க இங்க வந்தேன். அந்தச் சிரிப்பு இன்னைக்கும் காதுல இருக்கு மருமவனே, இட்லி அவிக்கையிலயும் கேக்கும்.

என்னது? மழக்காலத்துல ஒருக்கா போயி, தண்ணி நிக்கான்னு பாத்துட்டுத்தான் கட்டுனாரா? எந்த மாசம் போனாரு? ஜூலையா!

அய்யோ என் சாமி, இருங்க, சிரிச்சிக்கிடுதேன். ஜூலையில தண்டவாளம் முங்குதது பம்பாய்ல. நம்மூர்ல அது ஆடி. காத்தத் தவிர ஒண்ணும் வராது. முப்பது வருசம் இங்க நனைஞ்ச மனுசனுக்குச் சொந்த ஊருக்கு மழ எப்பம் வரும்னு மறந்தே போச்சு பாருங்க. ஊர்ல ஒருத்தனும் சொல்லலியான்னா கேக்கிய? சொன்னாப் பொறாமைம்பாரு. அவரு கொணம் ஊருக்கே தெரியும்.

பெறப்படுதியளா? ஒண்ணு மட்டும் செய்யுங்க. உங்க சின்னக்குட்டிய பால்காய்ப்புக்குக் கூட்டிட்டுப் போவாதீங்க. எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. அது எனக்கும் பேத்திதான். ஏன்னா, கார்த்திகையில குளம் பெருகி மறுகால் பாஞ்சா, அந்தத் தண்ணி போற வழியே அதுதான். பூசை ரூமு வழியா வந்து அடுப்படி வழியாப் போவும். அடிமண்ண அரிச்சி எடுத்துரும், வீடு நிக்காது.

செல்போன எதுக்கு எடுக்கிய, உங்க மாமாட்ட சொல்லவா? சொல்லுங்க, தாராளமாச் சொல்லுங்க. கட்டுன வீட்டத் தூக்கி வேற எடத்துல வைக்க முடியுமா? தண்ணி வந்தா ஏறி நிக்க அங்க பாறை மேடு ஒண்ணுதான். அது எம்பேர்ல இருக்கு. ஏறிக்கிடட்டும், நான் வேண்டாங்கல. வாயத் தொறந்து எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு ஏறச் சொல்லுங்க.