ஓரத்துக்குப் பசை

அங்ஙன பிடிச்சா விரலு வெட்டுப்படும், ஜெயச்சந்திரா. கத்திய இங்க தா. நீ அந்தத் துண்டை அசையாம அமுக்கிப் பிடிச்சாப் போதும்.

ஆமா, ஊரே அதத்தான் கேக்கு. பாறசாலையில எவனாவது வீட்டுக்குள்ள கார்ப்பெட்டு விரிப்பானா, மழை தொடங்கினா பூசணம் பிடிக்காதான்னு. ஷார்ஜாவுல கார்ப்பெட்டு விரிச்சு விரிச்சு இவனுக்குக் கிறுக்கு பிடிச்சிட்டுன்னு உனக்க அக்காளே சொன்னா. பூசணம் பிடிச்சா வெயில்ல போடலாம். டைல்ஸுல மண்டை அடிச்சு விழுந்தா எங்க கொண்டு போடுவ? வலிப்பு வாற பிள்ள சொல்லிட்டா விழுவான்? எனக்க மவன் டெனிலுக்க நெத்தித் தையல நீயும் பாத்ததாக்கும். ரப்பர் பாய் வாங்கிப் போட்டேன், அதக் கடிச்சுத் தின்னான்.

செரி, இப்ப பாரு. ரெண்டு துண்டையும் சேக்கியதுக்கு முன்னால வெட்டின ஓரத்துக்குப் பசை குடுக்கணும். டேப்பு பெறவு. இந்தக் குப்பிக்க வாய அடித்துணியோட ஒட்டிப் பிடிச்சு, நூலு வேரூணி நிக்கிற எடம் வழியா ஒரே இழுப்பா இழுக்கணும். மேல நூலுல படப்பிடாது. பட்டா காஞ்சு முள்ளு மாதிரி நிக்கும், அவன் கவுந்து கெடக்கும்ப கன்னத்துல கீறும்.

நீ செய்யி. நான் பாத்துட்டு இருக்கேன்.

இழுப்பு கோணுதா? ஓடுற பஸ்ஸுல கம்பி பிடிக்காம டிக்கெட்டு குடுக்கிற ஆளு, தரையில முட்டு குத்தி இருந்ததுக்கா கோணுது? பைய, பைய.

ஒண்ணுமில்ல, இந்தப் பசை மணத்துக்கு எனக்கு இருமல் வரும். நீ உனக்க வேலையப் பாரு.

பொன்னப்பனக் கூப்பிடலாம்தான். கூப்பிட்டுப் பாத்தாச்சே. நான் திருவனந்தபுரத்துல ஹோட்டல் வேலைக்குன்னு போயிருந்தேன்லா, அந்த வாரம் இந்த ஜாயின்ட்டு வாய் பொளந்துட்டு. உனக்க அக்கா ஓமனக்குட்டி அவனத்தான் வரச் சொன்னா. அவன் காட்டாக்கடையில கல்யாணப் பந்தலுக்கு விரிக்கிறவன். பந்தலுல ஒரு நாள் நின்னாப் போதும். அடியில டேப்பு வச்சு ஒட்டிட்டுப் போயிட்டான். கீழ டேப்பு பிடிச்சா ஓரத்துக்குப் பசை எதுக்குன்னு நெனச்சிருப்பான், பாவம். பாக்கவும் கொள்ளாம், நல்லாத்தான் இருந்தது, ஜாயின்ட்டு எங்கன்னே தெரியாது. ஆனா ஓரத்துல பசை இல்லன்னா ஒரு நூலு கையில கிட்டினாப் போதும், வரிசை மொத்தமும் கூட வரும்.

டெனிலுக்க விரலு சும்மா இருக்காதுன்னு தெரியும்லா. இழுத்து இழுத்து வாயில திணிச்சிருக்கான். அவ அடுக்களையில மீன் வெட்டிட்டு நிக்கா. சத்தமே கேக்கல்லன்னு இப்பவும் சொல்லி அழுவா. தொண்டை அடச்சா சத்தம் எங்க வரும்? நீலம் பாரிச்சுக் கெடந்தவனுக்க வாயில இருந்து அவ உருவி எடுத்த நூல, கைய அகட்டிக் காட்டுவா பாரு... அதுக்கு மேல நான் கேக்கமாட்டேன். அந்தா, கதவு பக்கத்துல ஒறங்குகான். ஒறங்கட்டும்.

ஏய், இப்ப சேக்காத. தொட்டா கையில ஈரம் வரப்பிடாது, சும்மா ஒரு ஒட்டல் மட்டும் நிக்கணும். வெப்ராளப்பட்டு அவசரமா சேத்தா ரெண்டு ஓரமும் கெட்டுப்போவும். இரி, சாயா குடி.

உன்ன எதுக்கு இழுத்து வச்சுப் படிப்பிக்கியேன்னா? உனக்க மருமவன் தானே, வேற யாரப் படிப்பிக்க? மழையும் வெயிலும் மாறி மாறி அடிச்சா ஓணத்துக்கு முந்தி அந்தக் கதவுப் பக்கம் உள்ளதும் எளகும். அதையும் காட்டித் தாறேன், இன்னைக்கே.

ஓணத்துக்கு நான் இருக்க மாட்டேன்.

திரும்பவும் ஷார்ஜாவுக்கா? இந்த நெஞ்ச வச்சுட்டு எவன் விசா தருவான்? ஹோட்டல் வேலைன்னு போனது ஆஸ்பத்திரிக்காக்கும். டாக்டரு படத்த வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினாரு. இனி மருந்து வேண்டாம், வீட்டுல போயி இருந்தாப் போதும்னாரு. நல்ல மனுசன், சாயா குடிச்சியான்னு கேட்டாரு.

அக்காளுக்குத் தெரியாது. அவ அண்டியாப்பீஸுல முந்திரி உடச்சிட்டு வாறதுக்குள்ள அந்த ஓரத்த நீ ஒத்தைக்கு இழுத்துக் காட்டு. முகத்தத் தொடச்சிட்டு வா, கண்ணு தெரியாம இழுக்கப்பிடாது. குப்பியச் சாச்சுப் பிடி, மக்கா. நூலுல படாம.