அப்பா பெயருக்கு முன்னால் மகளின் எழுத்து

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே! குண்டாறு இளையோர் மன்றத்தின் தோழர்களே! திருச்சுழியிலிருந்தும் நரிக்குடியிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் அப்பாமார்களே! அந்த அப்பாமார்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கும் மகள்களே! முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் சோலைச்சாமி ஐயா அவர்களே! எல்லோருக்கும் இந்தத் தவசியின் வணக்கம்.

நான் லோடு வண்டி ஓட்டுகிறவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் மாரிக்கனி அவர்களோடு மன்றத்தில் வேலை பார்த்தவன் என்பதால் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சத்துணவு அமைப்பாளர் மாரிக்கனி! தந்தை மகள் பயிற்சியின் நிறுவனர் மாரிக்கனி! எனக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி மாரிக்கனி! பதினாறு நாளைக்கு முன்னால் நரிக்குடியிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள், பிறகு எழுந்திருக்கவில்லை. நாற்பத்தேழு வயது. இது போகிற வயதா? எனக்கு அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது. இன்றைக்குக் கோபம்தான் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் கோபம்? சற்று முன் இதே மேடையில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் மருதுபாண்டி அண்ணன் பேசினார். கண் கலங்கித்தான் பேசினார், நான் மறுக்கவில்லை. "மாரிக்கனி பேரு நெலைக்கணும். வார ஞாயித்துக்கெழம விருது விழாவுக்கு மண்டபம் நாங்க தாரோம், வெள்ளிக் கேடயம் நாங்க தாரோம், அவுக பேரையே வச்சிருவோம். சான்றிதழ்ல போடுற அந்த இனிசியல மட்டும் வழக்கப்படி மாத்திப் போட்ருவோம்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மன்றத்தில் பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரைக்கும் உள்ள மகளும் அவளுடைய அப்பாவும் சேர்ந்து ஒரு காரியத்தைத் தொடங்கி முடிக்க வேண்டும். முடித்தால் விருது. அவ்வளவுதான் பயிற்சி. சைக்கிளில் அருப்புக்கோட்டை வரைக்கும் போய் வருவது ஒரு விருது. டிராக்டர் ஓட்ட அப்பா மகளுக்குக் கற்றுக்கொடுப்பது ஒரு விருது. ஒரு மாதம் அப்பாவே இரட்டை ஜடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது ஒரு விருது. சிரிக்காதீர்கள்! நம்ம நாகராஜ் மச்சான் முதல் நாள் ஆட்டுக்குப் போடுகிற முடிச்சை ரிப்பனில் போட்டுவிட்டார். சாயங்காலம் கத்தரிக்கோல் வைத்துத்தான் அவிழ்த்தார்கள். ஆனால் மாதக் கடைசியில் அவர் பின்னிய ஜடையைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் தங்கள் அப்பாவைத் திட்டின.

மழை பெய்து கிணற்றில் தண்ணீர் நிற்கிற இரண்டு மாதத்தில் நீச்சல் விருது. அதற்கு எத்தனை வாய் பேசியது! "வயசுக்கு வந்த புள்ளைகளக் கெணத்துல எறக்குறதா?" என்று கேட்டார்கள். மாரிக்கனி என்ன சொன்னாள்? "கால் வழுக்கி விழுந்தா கெணறு வயசு கேக்காதுண்ணே" என்றாள். அடுத்த வாரம் பதினோரு அப்பாமார்கள் இடுப்பில் கயிற்றோடு கிணற்று மேட்டில் நின்றார்கள். இன்றைக்கு நம் பக்கத்தில் முப்பது பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும்.

இனி இனிசியலுக்கு வருகிறேன். அது எப்படி வந்தது தெரியுமா? கொள்கையால் வரவில்லை. ஒரு தப்பினால் வந்தது. அந்தத் தப்பில் முதலில் மாட்டியவனே நான்தான்.

முதல் வருடம் நானும் என் மகள் ஈஸ்வரியும் சைக்கிள் விருது வாங்கினோம். சான்றிதழைப் பிரித்துப் பார்த்தால் 'த. ஈஸ்வரி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஈ. தவசி' என்று இருக்கிறது! அச்சகத்துக்குப் பட்டியல் எழுதும்போது மாரிக்கனி அப்பா பெயர்க் கட்டத்தையும் மகள் பெயர்க் கட்டத்தையும் மாற்றி எழுதிவிட்டாள். எல்லாச் சான்றிதழும் அப்படித்தான். ஆனால் மற்றவர்களுக்கு வாய்த்த எழுத்து பரவாயில்லை. எனக்கு வாய்த்தது ஈ! டீக்கடையில் விடுவார்களா? "ஏலே ஈ தவசி, வடையில ஒக்காராத" என்றான் ஒருவன். வண்டியை நேரே மாரிக்கனி வீட்டுக்கு விட்டேன்.

"எங்கப்பன் பேரு முனியாண்டி. மு. தவசி நான். எங்கப்பன் எழுத்த எடுக்க நீ யாரு?" என்று கத்தினேன்.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "தப்பு என் பேர்லதாண்ணே. ஒங்கப்பா எழுத்து ஒங்க பேருக்கு முன்னால எத்தன வருசமா இருக்கு?" என்று கேட்டாள்.

"பொறந்ததுலருந்து."

"ஒங்க மக எழுத்து ஒரே ஒரு காயிதத்துல ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டும். அதுவும் ஒங்களுக்குக் கனமா இருந்தா கொண்டாங்க, நானே கிழிச்சிர்றேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் ஈஸ்வரி அதைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். பத்து வயதுப் பிள்ளை. "யப்பா, இனிசியல்னா அப்பா பேருதான? அப்ப நீ எம்பிள்ளையா?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் தட்டை வைத்து, "எம்பிள்ளைக்கு இன்னிக்கி எத்தன இட்லி?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வண்டி ஓட்டும்போது யோசித்துப் பார்த்தேன். பத்து வருடத்தில் அந்தப் பிள்ளை என்னிடம் அவ்வளவு உரிமையாகப் பேசியதே இல்லை. என் வண்டிச் சத்தம் கேட்டாலே அடுப்படிக்குள் போய்விடுகிற பிள்ளை அது. ஒரு வாரம் கழித்து நான் மாரிக்கனியிடம் போனேன். கிழிக்கச் சொல்லிப் போகவில்லை, எங்கே லேமினேசன் போடுவது என்று கேட்கப் போனேன்.

அடுத்த வருடம் அப்பாமார்களைக் கூட்டி வைத்து, பட்டியலைச் சரியாக எழுதவா, தப்பாக எழுதவா என்று கேட்டாள். "தப்பாவே எழுதும்மா!" என்றோம். அன்றைக்குக் கையைத் தூக்கியவர்கள் இந்தப் பந்தலில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? இப்போது எதற்குக் கையை மடித்து வைத்திருக்கிறீர்கள்?

மருதுபாண்டி அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாரிக்கனி பெயரைக் கேடயத்தில் பொறித்துவிட்டு, மாரிக்கனி செய்த காரியத்தை அழிப்பதற்குப் பெயர் மரியாதையா? அந்த எழுத்து இல்லாத விருது அவளுக்கு எதற்கு? உங்கள் மண்டபம் வேண்டாம். கேடயமும் வேண்டாம். கண்மாய்க் கரை இருக்கிறது, புளியமரத்து நிழல் இருக்கிறது, என் லோடு வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து போட்டால் மேடை இருக்கிறது!

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடம் ஊரார் அப்பாமார்களுக்கெல்லாம் சான்றிதழ் எழுதியவள், தன் அப்பா சோலைச்சாமி ஐயாவுக்கு ஒன்று எழுதவே இல்லை. ஐயா ஒவ்வொரு விழாவுக்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். "ஐயா பேருக்கும் ஒண்ணு போடும்மா, யாரு கேக்கப்போறா?" என்று நான் ஒருமுறை சொன்னேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. "எங்கப்பா ஆட்டுக்கெடையோட ஊர் ஊராப் போனவுக. நான் படிச்ச காலத்துல வீட்ல இருந்ததே கொறச்சல். நானும் அவுகளும் சேந்து ஒரு காரியமும் முடிச்சதில்லண்ணே. முடிக்காமக் குடுத்தா அது விருதில்ல" என்றாள். அந்தக் குறை அவளுக்குக் கடைசி வரை இருந்தது. எனக்குத் தெரியும்.

அவள் போன நாலாம் நாள் ஐயா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அவளுடைய பை. "தவசி, எம்மக விட்ட சோலி எதுய்யா?" என்று கேட்டார். பைக்குள் இந்த வருடப் பட்டியல் இருந்தது, அவள் கையெழுத்தில், இருபத்து மூன்று பெயர். இரண்டு பேரும் அருப்புக்கோட்டை அச்சகத்துக்குப் போனோம். அங்கே புதிய ஆள். பட்டியல் தப்பாக இருக்கிறது என்று நினைத்து, நல்ல மனதோடு எல்லாப் பெயரையும் வழக்கப்படி திருத்தி அடித்து, சரிபார்க்கத் தாளை நீட்டினார். எனக்கு இருந்த மனநிலையில் நான் கவனிக்கவில்லை. மூன்றாம் வகுப்பு படித்த ஐயா, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துக் கூட்டிப் படித்தார். இருபத்து மூன்றையும் படித்தார்.

"இது தப்புய்யா. எம்மக இப்பிடி எழுதிருக்க மாட்டா. புள்ள எழுத்து முன்னாடி, அப்பன் பேரு பின்னாடி" என்றார். அத்தனையையும் திருத்தும் வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

கடைசியில் அச்சகக்காரர், சரிபார்த்ததற்குக் கையெழுத்துக் கேட்டார். ஐயா போட்டார். அந்தத் தாள் இதோ என் கையில் இருக்கிறது. பார்த்ததும், துக்கத்தில் தடுமாறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். "ஐயா, ஒங்க இனிசியல் 'க' தான?" என்று கேட்டேன்.

"ரேசன் கார்டுல அது. இதுல இது" என்றார்.

மகள் தொடங்கிய காரியத்தை அப்பா முடித்திருக்கிறார். பட்டியல் எழுதியவள் அவள், அச்சேற்றியவர் இவர். இதற்குப் பெயர் பயிற்சி இல்லையா? வயது வரம்பைக் காட்டி யாராவது மறுத்தால், அவர்களோடு சண்டை போட நான் இருக்கிறேன்! இருபத்து மூன்று சான்றிதழும் மகள்களின் எழுத்தோடு அச்சாகித் தயாராக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கண்மாய்க் கரையில் கொடுப்போம். அடுத்த வருடமும் கொடுப்போம். அதற்கடுத்த வருடமும் கொடுப்போம். மழை பெய்தால் கிணற்றில் இறங்குவோம். மாரிக்கனி, உன் தப்பை ஒருவரும் திருத்த விடமாட்டோம்!

இருபத்து நான்காவது சான்றிதழுக்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க என்னால் முடியாது. ஈஸ்வரி, அதை எடுத்துக்கொண்டு வாம்மா. அப்பாமார்களே, எழுந்து நில்லுங்கள்.

மா. சோலைச்சாமி அவர்களே, மேடைக்கு வாருங்கள்.