மழைக்காவல்

– இன்னைக்கு வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போகாதீங்க இராக்கம்மாக்கா. நேத்து கொழுந்துக் கூடையோட மலையில விழுந்தது போதும்.

– விழுகல புள்ள. கண்ணு இருட்டுச்சு, உக்காந்தேன். தனுஜா, ஒனக்கு எல்லாமே பெருசாத்தான் தெரியும்.

– மழை பேஞ்சா ராத்திரி பூரா முழிச்சிருந்து, வெளிய வச்ச போத்தல்ல தண்ணி எவ்வளவுன்னு அளக்குறீங்க. விடிஞ்சா கூடையத் தூக்குறீங்க. கண்ணு இருட்டாம என்ன செய்யும்? முந்தாநாத்து போத்தல் நெறைஞ்சு வழிஞ்சிருக்கு, நீங்க அடுப்போரமா சாஞ்சு தூங்கியிருக்கீங்க. தகரத்தத் தட்டி எங்கள எழுப்ப யாரு இருந்தா?

– மலை சரியாம நின்னுச்சுல்ல?

– மேல் லயத்து வீடுகள மண்ணு மூடுனப்ப நிக்கலையே!

– அத எனக்கா சொல்ற? எம் புருசனும் மகளும் அதுக்குள்ளதான் கெடக்குறாங்க.

– ஐயோ, வாய் தவறிருச்சுக்கா. கோவிச்சுக்காதீங்க. நான் கேக்க வந்ததே வேற. முறை வச்சுக்குவோம். ராத்திரிக்கு ஒரு வீடு முழிச்சிருக்கட்டும். போத்தல கோயில் முன்னால வச்சிட்டா யாரும் பாக்கலாம். பெரகல டவுன்ல ஜாபிர் நானா கடையில டோர்ச்சு கூட சொல்லி வச்சாச்சு. ஒங்க முறை வாரத்துல ஒரு நாள்தான். மத்த நாள் நல்லாத் தூங்குங்க.

– யாரு முழிச்சிருப்பா, இராசையாவா? குடிச்சிட்டுப் படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான்.

– அவரு பொண்டாட்டி ஜெயந்தினி மதினி இருக்காங்கல்ல, அவங்க பாத்துக்குவாங்க.

– ஜெயந்தினிக்கு அளக்கத் தெரியாது.

– போத்தல்ல போட்ட செவப்புக் கோட்டத் தண்ணி தாண்டுனா தகரத்தத் தட்டணும். இதுல தெரியாம போறதுக்கு என்னக்கா இருக்கு? சும்மா சாக்கு சொல்றீங்க. எங்க மேல நம்பிக்க இல்லையா?

– இருக்குடி.

– பின்ன ஏன் போத்தல மடியில வச்சு இறுக்கிப் புடிச்சிருக்கீங்க? நீங்க இன்னொரு நாள் அசந்து தூங்கிட்டா லயமே போயிரும். குடுங்கக்கா.

– இந்தா, கொண்டு போ. நீ சொல்றதுதான் சரி. ஒடம்பு முடியலதான்.

– அப்பாடா! அதுக்கு ஏன் அழுகுறீங்க?

– மழை கொட்டுனா ஒவ்வொருத்தரா ஓடி வருவீங்க. “அக்கா, எப்புடி இருக்கு?”ன்னு கேப்பீங்க. தேத்தண்ணி ஊத்துவேன். செத்த நேரம் இருந்து பேசிட்டுப் போவீங்க.

– இனிமேலும் வருவோம்க்கா. வராம எங்க போகப் போறோம்?

– வெயில் காலத்துல இந்தக் கதவ யாராச்சும் தட்டியிருக்கீங்களா, புள்ள?