கரையாத உறையும் எங்கள் உறையம்மாவும்

மீனுக்கு ஊசி குத்தும் வேதனையை வேண்டாமென விலக்கி, தீவனத்திலேயே தடுப்பு மருந்தைக் கலந்தூட்டத் துணிந்த திறலே! கண்ணுக்கெட்டாக் குருணைக்குள் காப்பு மருந்தைக் கட்டிவைத்த கைவண்ணமே! தலை நரைக்கும்வரை இவ்வாய்வுக்கூடத்தைத் தாங்கி, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் 'உறையம்மா'வே! வணக்கம்.

இவ்விழாவுக்காக முதலில் எழுதிய வாழ்த்து மடலில் தங்களைத் 'தோல்வியே தொடாத தூயவர்' என்று புகழ்ந்திருந்தோம். நேற்று அதை வாங்கிப் படித்தீர்கள், முகம் சுண்டிப்போயிற்று. "இதைச் சட்டம் போட்டு எங்க வீட்டுச் சுவர்ல மாட்டினா நான் அந்த ரூமுக்கே போக மாட்டேன். நடந்ததை எழுதுங்க, இல்லேன்னா எழுதவே எழுதாதீங்க" என்றீர்கள். ஆகவே நடந்ததை எழுதுகிறோம். எழுதுகையில் எங்களுக்கும் கூசுகிறது.

மீனின் இரைப்பை அமிலம் மருந்தை அழித்துவிடும். அதைத் தாண்டிக் குடலில் கரையுமாறு கடற்பாசிப் பசையால் உறை செய்வதே தங்கள் பணி. அமிலக் குவளையில் உறை சிதையாமல் நின்றபோதெல்லாம் கைதட்டினோம். கைதட்டக் கைதட்ட உறையைத் தடிமனாக்கினீர்கள். குடலில் அது கரைகிறதா என்று பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மீன் பண்ணைக்காரர் ஒருவர் நம்பித் தம் குளத்தில் போட்ட மருந்து, மீனின் வாய்வழி புகுந்து, போட்டது போட்டபடியே வெளியே வந்துவிட்டது. பின்னர் நோய் வந்தது; குளம் முழுக்க மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன.

அன்று குளக்கரையில் தாங்களே போய் நின்று, "தப்பு என்னோடதுதாங்க" என்றீர்கள். பண்ணைக்காரர் வலையை எடுத்துக்கொண்டு செத்த மீன்களை அள்ளப் போய்விட்டார். அதன்பின் மெல்லிய உறை செய்தீர்கள். இங்குள்ள தொட்டி மீன்களிடம் அது பலித்தது. ஆயினும் அந்தக் கரைப் பக்கம் போகத் தங்களுக்குக் கால் வரவில்லை. பாராட்டு என்ற சொல் காதில் விழுந்தாலே பார்வையைத் தரையில் பதிக்கிறீர்கள். இப்போதும் மேடையில் அப்படித்தான் அமர்ந்திருக்கிறீர்கள்.

அருள்கூர்ந்து நிமிருங்கள், அம்மா! கடைசி வரிசையில் அந்தப் பண்ணைக்காரர் வந்திருக்கிறார். அழைக்கப் போனவர்களிடம் அவர் சொன்னதை மாற்றாமல் தருகிறோம்: "மன்னிச்சிட்டேன்னு எல்லாம் சொல்ல மாட்டேங்க. புதுசா குஞ்சு விட்டிருக்கேன். மருந்தை அவங்க கையாலயே போடச் சொல்லுங்க. பக்கத்துல நின்னு நானும் பார்க்கறேன்."

நோயற்று நெடுநாள் வாழ்க! நாளைக் காலை வண்டி வாசலில் நிற்கும். வெட்கத்தோடேனும் ஏறி வாருங்கள்.

தலைகுனிந்த அன்புடன்,
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்