ஒருநாளில் ஊறுமா ரத்தம்

"ரப்பர் மரத்துல பால் ஊறுற மாதிரி, போன ரத்தமும் ஒடம்புல திரும்ப ஊறுமா அண்ணி?"

மலேசியாவின் சிகாமட்டில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இளம்பெண், பக்கத்தில் இருந்த அண்ணியிடம் கேட்டாள். பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குத் திரும்புகிறாள். குழந்தை அண்ணியின் மடியில் தூங்கியது.

"ஊறும்னுதான் டாக்டர் சொன்னாரு."

"எத்தன நாள்ல?"

"அத நான் கேக்கலியே."

"மரத்த ஒருநாள் விட்டு ஒருநாள் பாலுக்கு வெட்டுறோம். அதுக்குள்ள பால் ஊறிடுதுல்ல? எனக்கும் அப்படித்தான இருக்கும். நாளன்னிக்கு நானும் வேலைக்கு வந்துர்றேன்."

அண்ணி குழந்தையின் தலையைச் சரியாக வைத்துக்கொண்டாள்.

"பால் ஊறிடும். வெட்டுன மரப்பட்ட திரும்ப வளர எத்தன நாளாவும்?"

"அதுக்கு வருஷக்கணக்காவுமே."

"அப்ப பேசாம படு. ஒன் பங்கு மரத்தையும் நானே வெட்டிக்கிறேன்."