தலைமாட்டுக் காத்தாடி

கப்பல்ல வர்ற புகார்ல பாதி சத்தத்தைப் பத்தினதுதாங்க ஐயா. பக்கத்து அறைக்காரர் குறட்டை விடுறாரு, தண்ணிக் குழாய் முனகுது, தலைமாட்டுக் காத்தாடி கடகடங்குது. நட்சத்திரங்களுக்கு நடுவுல போறோம்னு பேருதான். பேச்செல்லாம் மாடி வீட்டுல வாடகைக்கு இருக்கிறவங்க பேச்சு.

அந்தக் காத்தாடிகளை ஒன்பது வருஷமா பாத்துக்கிட்டது நான். காத்துக்காரர்னுதான் கூப்பிடுவாங்க. எடையே இல்லாத எடத்துல சூடான காத்து மேல போகாதுங்க. விட்ட மூச்சு மூஞ்சிக்கு முன்னாலயே நிக்கும், அடுத்த தடவ அதையேதான் இழுப்பீங்க. தூங்குற அறை துணி பீரோ அளவுதான். சுவத்துல இருக்கிற பைக்குள்ள உடம்பைக் கட்டிக்கிட்டுத் தூங்கணும். உள்ளங்கை அகலக் காத்தாடி ஒண்ணு அந்தக் கெட்ட மூச்சைத் தள்ளிவிடும். ஒவ்வொண்ணுலயும் நான் ஒரு ரிப்பன் கட்டியிருப்பேன். ரிப்பன் ஆடினா ஆளு பிழைச்சாரு. நாப்பது அறை, நாளைக்கு மூணு சுத்து. ஒருத்தர் வாயில இருந்தும் நன்றின்னு ஒரு சொல் வந்ததில்ல.

உப்போட அருமை உப்பில்லாட்டித்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க. ஒரு தடவ சமையல்காரர் காத்தாடிய ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சேன். மண்டை பிளக்குற வலியோட எந்திரிச்சு என்னைக் கூப்பிட்டாரு. ஓடிப் போய்ப் போட்டுவிட்டேன். "சாமி மாதிரி வந்தீங்க"ன்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம் டீச்சரம்மா. அப்புறம் நர்ஸம்மாவோட கைக்குழந்தை. அது வீறிட்டு அழுததும் உடனே போட்டுட்டேன், நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்க ஆரம்பிச்சாங்க, அவ்வளவுதான்.

என் தங்கச்சி வீட்டுக்காரர்தான் கப்பலுக்கு என்ஜினியர். தங்கமான மனுஷன், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். அறைகளுக்கு வெளிய, நடைபாதை முழுக்க அவரு காத்து மானி மாட்டினாரு, காத்து நல்லா இருந்தா பச்சை, கெட்டா சிவப்பு எரியும். மாட்டிட்டு, சாப்பாட்டு மேசையில எல்லார் முன்னாலயும் சொன்னாரு: "மச்சான், இனிமே நீங்க ரிப்பனைப் பாத்துக்கிட்டு அலைய வேணாம். மானியே பாத்துக்கும். கழிவுத் தொட்டிப் பக்கம் ஆள் பத்தல, அங்க வந்துடுங்க."

"அண்ணனுக்குப் பதவி உயர்வு டோய்"னு தங்கச்சி சிரிச்சா. மேசையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள கூனிக்குறுகிப் போயிட்டேங்க.

"மாப்ள, மானி நடையில இருக்கு. மூக்கு அறைக்குள்ளதானே இருக்கு"ன்னேன்.

"கதவு சந்துல காத்து போய் வரும் மச்சான். எல்லாம் பாத்தாச்சு. ரிப்பன் கட்டுற காலம் போச்சு."

இப்படிச் சொல்றவருக்கு எப்படிப் புரிய வைக்கிறது? பட்டாத்தான் புரியும். மறுநாள் அவருக்குச் சளி. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தூக்க மாத்திரை போட்டுக்கிட்டுப் படுத்தாரு. மாத்திரையை வாங்கிட்டு வந்து கொடுத்தது நான்தான். ஒண்ணு போதும்னு நர்ஸம்மா சொன்னாங்க, சளி பலமா இருக்கேன்னு ரெண்டாக் கொடுத்தேன். அவரு கண்ணசந்ததும் காத்தாடிய நிறுத்தினேன். கதவு சந்துல டேப் ஒட்டினேன். சத்தம் உள்ள போகக் கூடாதில்லையா.

அப்புறம் வெளியவே இருந்தேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, கதவுக்கு வெளிய இருக்கிற காத்தாடி சுவிட்சு மேல ஒரு விரலை வெச்சுக்கிட்டு. எதிர்ல அவரோட மானி பச்சையாவே எரிஞ்சுது. ரெண்டாவது மணி நேரத்துல உள்ள ஏதோ இடிச்ச மாதிரி ஒரு சத்தம். காதைக் கதவுல வெச்சுக் கேட்டேன். இன்னும் ரெண்டு தடவ இடிச்சுது, மெதுவா. புரண்டு படுக்கிறாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

தங்கச்சி வேலைக்கு நடுவுல எட்டிப் பாத்தா. "அண்ணே, எந்திரிச்சுட்டாரா?"

"தூங்கட்டும்மா. எழுப்பாத."

"நீ வேற எதுக்கு இங்கயே காவல் கெடக்கிற? உனக்குத்தான் அவரு மேல எவ்வளவு பாசம்"னு என் தோளைத் தட்டிட்டுப் போனா. அவ மேல எனக்கு உசிரு.

ஆறு மணி நேரம் கழிச்சு டேப்பைப் பிரிச்சேன். உதடு நீலமா இருந்துச்சு, ஒரு கை பையில இருந்து வெளிய வந்து கதவுப் பக்கமா நீட்டி நின்னுது. மானி அப்பவும் பச்சைதான். நான் சொன்னது சரின்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இப்ப அறைக்கு அறை ஆள் வெச்சுப் பாக்குறாங்களாம், கேள்விப்பட்டேன்.

தங்கச்சி என் மூஞ்சியில முழிக்கிறதில்ல. அவளுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும். கொல்லணும்னு நெனச்சிருந்தா நான் ஏன் ஆறு மணி நேரம் சுவிட்சுல விரலை வெச்சுக்கிட்டு நிக்கணும்? "மச்சான்"னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா அந்த நொடியே போட்டிருப்பேன். கடைசி வரைக்கும் கூப்பிடலையே ஐயா, அந்த மனுஷனுக்கு அவ்வளவு வீம்பு.