ஒரே மூச்சுல பூட்டுற பெட்டி

...தறி நிக்கலன்னா எம் பெட்டி என்ன அண்ணாச்சி செய்யும்? நீங்களே ஒரு நாயத்தச் சொல்லுங்க. இருங்க, அங்கயே நிக்காதிய, உள்ள வாங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காருங்க. வாட்ச்மேன்னா நாள் பூரா வெயில்லயே நிக்கணும்னு எழுதியா வச்சிருக்கு? என்னது? சொல்லலாம், சொல்லலாம். மொதல்ல இந்த அநியாயத்தக் கேளுங்க.

ஏழாம் நம்பர் தறி ஓட்டுதாவல்ல, தவசிமுத்து அண்ணன், அவிய போயி மேனேஜர்ட்ட, "ஜாஸ்மின் பொண்ணு பெட்டிய மாட்டுனதுல இருந்துதான் பேண்டேஜ் துணில கோடு விழுது"ன்னு சொல்லியிருக்காவ! பாவு நூல் அந்துபோனா தறி சட்டுன்னு நிக்கணுமாம். எம் பெட்டி ஒரு செகண்டு யோசிக்குதாம். யோசிக்குதாம்! ஒரு செகண்டு அண்ணாச்சி! அவிய வெத்தல போட எடுக்குற நேரத்த நான் என்னைக்காச்சும் எண்ணியிருக்கேனா?

இன்னைக்கு மொதலாளி முடிவு சொல்லுதாவ. இருவத்திநாலு தறிக்கும் பெட்டி வைக்கதா, இருக்குற ஒண்ணையும் கழட்டிக் கையில குடுக்கதான்னு. பதினோரு மணிவாக்குல கூப்பிட்டு விடுதேன்னாவ. கூப்பிடட்டும்! அதுக்குத்தான் காலையில ராஜபாளையத்துல பஸ் ஏறி, சீவில்லிபுத்தூர் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்து, இந்தக் கரண்டு ரூம்புக்குள்ள லேப்டாப்ப விரிச்சு வச்சு ஒக்காந்திருக்கேன். ஃபேனாச்சும் ஒழுங்கா சுத்துதா பாருங்க, அதுவும் என்னைய மாதிரி பொலம்பிக்கிட்டு...

என்ன, கையத் தூக்குதிய? டீயா? எனக்கு வேண்டாம் அண்ணாச்சி, இப்பத்தான் குடிச்சேன். நீங்க ஒக்காருங்க.

பெட்டி எதுக்குன்னு ஒங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாவ. நான் சொல்லுதேன். அதுக்கு ரெண்டு வேல. ஒண்ணு, நூல் அந்தா தறிய நிப்பாட்டணும். ரெண்டு, கேமரா துணியப் படம் எடுக்கும், அந்தப் படத்தப் பூட்டி, துணி வாங்குற வெளிநாட்டுக்காரனுக்கு அனுப்பணும். பூட்டுன்னா சாவி போடுற பூட்டு இல்ல, கணக்குப் பூட்டு. நடுவுல எவன் பிரிச்சாலும் ஒண்ணும் வெளங்காது. அந்த வெளிநாட்டுக்காரன் அதுல ரொம்பக் கறாரு.

ரெண்டு வேலைக்கும் ஆளு ஒண்ணுதான், உள்ள இருக்குற சிப்பு. யாரு எப்ப வேல பாக்கணும், யாரு செத்த தள்ளி நிக்கணும்னு சொல்ல ஒரு மேஸ்திரி உண்டு. அதுக்குப் பேரு கெர்னல். இந்தப் பூட்டுற வேல இருக்கே, அது பொல்லாதது. வேகமா நடக்கணும்னா, "நான் முடிக்கிற வர ஒருத்தனும் கூப்பிடக் கூடாது"ன்னு மேஸ்திரிட்டயே சொல்லிட்டு ஒக்காந்துரும். சொல்லிட்டா சொன்னதுதான், மேஸ்திரியும் கையக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

அதுக்கு எங்க வீட்டுக்காரர் பெட்டியோட புரோகிராம்ல ஒரு லைன் எழுதி வச்சாவ. எட்வின், தெரியும்ல? அன்னைக்குப் பெட்டி மாட்ட வந்தாவளே, ஒசரமா, வாயத் தொறக்காம... அவியதான். பேச மாட்டாவ. வீட்டுல ரெண்டு பேருக்கும் சேத்து நாந்தான் பேசணும், எனக்கு என்ன ஆசையா? அவிய எழுதுனது என்னன்னா, துண்டு துண்டாப் பூட்டு. ஒரு துண்டு முடிஞ்சா எந்திரி. யாராச்சும் நிக்காவளான்னு பாரு. நின்னா வழிய விடு, பொறவு வந்து ஒக்காரு. ஒரு கட்டுப் படத்துக்குப் பத்தாயிரம் துண்டு அண்ணாச்சி! பத்தாயிரம் தடவ எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காந்தா வேல ஓடுமா? எனக்குப் பாக்கப் பாக்க எரிச்சலா வரும்.

இருங்க, இருங்க, எங்க எந்திரிக்கிய? முடிச்சிருதேன். இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்.

அன்னைக்கு மொதலாளி வந்து, "யம்மா, இது இன்னும் வேகமாப் பூட்டாதா?"ன்னு கேட்டாவ. வீட்டுக்காரர் "இது போதும் சார்"னாவ. போதும்னா யாரு ஆர்டர் குடுப்பா? நான், "ஏன் பூட்டாது? நாளைக்கே காட்டுதேன்"னுட்டேன். காட்டவும் செஞ்சேன்! நூத்துக்கு நாலு பங்கு நேரம் மிச்சம். மொதலாளிக்கு மொகமெல்லாம் சிரிப்பு. எப்புடின்னா... அது வந்து... அந்த எந்திரிச்சுப் பாக்குற லைன நான் எடுத்துட்டேன்.

ஆமா. நாந்தான். அப்புடிப் பாக்காதிய அண்ணாச்சி.

இப்ப அது ஒரு கட்டுப் படத்தையும் ஒரே மூச்சுல பூட்டுது. அந்நேரம் பாத்து நூல் அந்தா, சேதி வாசல்ல வந்து நிக்குது. உள்ள விட ஆளில்ல. தவசிமுத்து அண்ணன் சொன்னது அம்புட்டும் நெசம். நேத்தே கண்டுபிடிச்சிட்டேன். வீட்டுக்காரர்ட்ட, "கரண்டு சரியில்ல போல"ன்னு சொல்லி வச்சிருக்கேன். அவிய நம்பிட்டாவ. அதான் எனக்குத் தாங்கல. ரெண்டு வார்த்த வஞ்சிருந்தாக்கூட தேவல.

பயமா இருக்கு அண்ணாச்சி. கல்யாணமாகி மூணு வருசம். அதுல ரெண்டு வருசம் நான் பெங்களூர்ல, அவிய மதுரையில, போன்லதான் குடும்பம் நடத்துனோம். இந்த ஒரு ஆர்டர நம்பித்தான் ரெண்டு பேரும் வேலைய விட்டுட்டு வந்தோம். இது போச்சுன்னா மறுபடியும் ஆளுக்கொரு ஊரு.

ஆனா லைனத் திருப்பிப் போட்டுட்டேன், பாத்தியளா, இந்தா, லேப்டாப்ல தயாரா இருக்கு. பெட்டில ஏத்த அஞ்சு நிமிசம். மொதலாளி மொகத்தப் பாத்து, "தப்பு என்னோடது சார், சரி பண்ணிட்டேன், இன்னும் ஒரே ஒரு நா ஓடவிட்டுப் பாருங்க"ன்னு சொல்லணும். எம்புட்டு வெக்கமா இருந்தாலும் சொல்லிருவேன். அவிய கூப்பிடணுமே! மணி பதினொண்ணு இருவது. இன்னும் ஒரு ஆளையும் காணோம். பெரிய மனுசங்களுக்கு நேரம்னா என்னன்னு...

யாரு இப்புடி ஹார்ன் அடிக்கா? கேட்டுக்கு உள்ள இருந்துல்லா கேக்கு. கேட்டு பூட்டியா இருக்கு? சாவி ஒங்ககிட்டயா? யாரு காரு அது?

மொதலாளி காரா!

எங்க போறாவ? என்னது? பதினோரு மணிக்கே கூப்பிட்டு விட்டாவளா? ஒங்களையா அனுப்புனாவ? பத்து நிமிசத்துல வரலன்னா மதுரைக்குக் கெளம்பிருவேன்னாவளா? அத வந்தவொடனே சொல்ல வேண்டியதுதான அண்ணாச்சி, எம் பொழப்புல்லா...

ம். ஆமா. சொல்லத்தான் வந்திய. கையத் தூக்குனிய. எந்திரிச்சிய. நான் எங்க விட்டேன்.

அய்யய்யோ, எங்க ஓடுதிய? அண்ணாச்சி! தொறந்துராதிய! சாவியக் காணோம்னு சொல்லுங்க! பூட்டு துருப்பிடிச்சுப்போச்சுன்னு சொல்லுங்க! எம் செருப்பு எங்க... சரி கெடக்கட்டும், இந்தா வாரேன்... மெதுவாப் போங்க அண்ணாச்சி, மெதுவா!